நாலாம் லைனின் மஞ்சள் கார்டு

எங்கள் பல்கலைக்கழகத்தில் மனசாட்சி சனிக்கிழமை மூன்று மணிக்குத் திறக்கும், ஐந்து மணிக்கு மூடும். அதற்குப் பல்துறை உரையாடல் மன்றம் என்று பெயர். நூலகத்தின் இரண்டாம் மாடியில் ஏசி அறை, வட்ட மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். ஜன்னலுக்கு வெளியே ஒரகடம் சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். உள்ளே நாங்கள் அந்த பஸ்களில் போகிறவர்களின் பிரச்சினைகளைத் தீர்த்துக்கொண்டிருப்போம்.

நான் அமலா. சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டு, மன்றத்தின் நெறியாளர். சட்டம் படிக்கும் எழிலரசன், எம்பிஏ ரத்னா, மெக்கானிக்கல் மோகன், புள்ளியியல் முதலாண்டு சுகப்பிரியா. ஐந்து துறைக்கு ஐந்து பேர். மன்றத்தை ஆரம்பித்தவர் பேராசிரியர் வனமாமலை. அவர் வைத்த விதிகள் இரண்டே இரண்டு. மேசை நடுவில் ஒரு பழைய போர்டு மார்க்கர் கிடக்கும். அதைக் கையில் வைத்திருப்பவர் மட்டும்தான் பேசலாம். அவர் முடிக்கும்வரை மற்றவர்கள் வாய் திறக்கவும் கூடாது, எழுந்து போகவும் கூடாது. இந்த விதிகளில் எனக்கு அப்படியொரு பெருமை. அவற்றை மீறுகிறவர்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் பருவத்துக்கு எங்களுக்குக் கிடைத்த தலைப்பு, தொழில் வழித்தடத்தில் பெண் தொழிலாளர்களின் கண்ணியம். மண்டல இறுதிச் சுற்று திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் கலையரங்கிலேயே நடக்க இருந்தது. ஜெயித்தால் டில்லி. நான் அதுவரை போன அதிகபட்ச தூரம் வேளாங்கண்ணி. டில்லிக்குப் போக வேண்டும் என்கிற ஆசை எனக்கு வேறு எதையும் யோசிக்க விடாத அளவுக்கு இருந்தது, இதில் மறைக்க ஒன்றுமில்லை.

சுகப்பிரியா ஆறு வாரமாக ஒரு வார்த்தை பேசவில்லை. மார்க்கர் கைக்கு வந்ததும் சுடுகிற பாத்திரத்தை மாற்றிவிடுவதுபோல் அடுத்தவரிடம் தள்ளிவிடுவாள். கூட்டக் குறிப்பில் நானும் ஆறு வாரமாக ‘சுகப்பிரியா: பேசவில்லை’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். கடைசி ஒத்திகைக்கு முன்னால் எல்லோர் எதிரிலும் அவளிடம் சொன்னேன்: “சும்மா உக்காந்துட்டு எழுந்து போக இது பஸ் ஸ்டாண்ட் இல்ல. சனிக்கிழமை ஆளுக்கு ஒரு பொருள் கொண்டு வரணும். தலைப்புக்குச் சம்பந்தப்பட்ட பொருள். நீயும்தான்.” மோகன் சிரித்தான். அவள் தலையை ஆட்டினாள்.

சனிக்கிழமை எழிலரசன் தொழிற்சாலைச் சட்டப் புத்தகத்தைக் கொண்டுவந்தான். மோகன் காதில் அடைக்கும் பஞ்சு. ரத்னா ஏதோ ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கை, பளபளவென்ற தாள், அட்டையில் சிரிக்கிற பெண்கள். சுகப்பிரியா பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒரு பொருளை எடுத்தாள். உள்ளங்கை அகல மஞ்சள் கார்டு. லாமினேட் செய்து, ஓட்டை போட்டு, கயிறு கட்டியிருந்தது. அதில் ‘லைன் 4, பாத்ரூம்’ என்று மட்டும் அச்சடித்திருந்தது. விரல் பட்டுப் பட்டு ஓரங்கள் கறுத்திருந்தன.

நான் மார்க்கரை அவளிடம் தள்ளினேன். முதல்முறையாக அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

“இது எங்க அக்கா லைன்ல தொங்குற கார்டு. லைன்ல இருபத்திரெண்டு பேர். பாத்ரூம் போவணும்னா சூப்பர்வைசர் டேபிள் பக்கத்துல கீற ஆணியிலர்ந்து இத எடுத்துக்கினு போவணும். ஏழு நிமிஷத்துல திரும்ப வந்து மாட்டிடணும். மாட்டினாத்தான் அடுத்த ஆளு போவ முடியும்.”

“இது எப்படி உன்கிட்ட?” என்றான் எழிலரசன். மார்க்கர் இல்லாமல் பேசினான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

“இன்னிக்கு ஷிஃப்ட் முடியற நேரத்துல அக்கா போயிருக்குது. பெல் அடிச்சிட்டாங்க, பஸ் கிளம்புதுன்னு அப்படியே ஓடியாந்துடுச்சி. கோட் பாக்கெட்லயே வந்துட்டுது. வூட்டுக்கு வந்துதான் பாத்துது. அக்கா தூங்கிக்கினு கீது. நான் சொல்லாம எடுத்தாந்துட்டேன். மஞ்சள் காலை ஷிஃப்ட்டுக்கு மட்டும்தான், மத்த ஷிஃப்ட்டுக்கு வேற கலர். நாளைக்கு லீவு. திங்கக்கிழமை காலையில ஆறு மணிக்கு ஆணியில இருந்துட்டா யாருக்கும் தெரியாது. இன்னிக்கு சாயங்காலம் நான் இத வூட்டுக்கு திருப்பி எடுத்துக்கினு போயிடணும்.”

அக்காவின் பெயர் செல்வலட்சுமி. கான்ட்ராக்டில் மூன்று வருடம். மாதக் கடைசியில் நிரந்தரம் ஆகிறவர்களின் பட்டியல் வரும், அதில் தன் பெயர் இருப்பதாக அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை ஒரு மெமோ கூட வாங்கக் கூடாது. இந்த மூன்று வருடத்தில் அவள் ஒன்றுகூட வாங்கவில்லை. அவள் லைனில் நிற்பதால்தான் இவள் இங்கே படிக்கிறாள். சுகப்பிரியா இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லி முடித்ததும் தான் பேசிவிட்டோம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், லேசாகச் சிரித்தாள்.

வனமாமலை சார் எழுந்தே விட்டார். கார்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இத்தனை வாரமா நாம பேசினதெல்லாம் இந்த அட்டையில இருக்கு. இனிமே மார்க்கர் எதுக்கு? இதுதான் நம்ம பேச்சு அடையாளம். இதைக் கையில வச்சிருக்கறவங்க மட்டும்தான் பேசலாம். மேடையிலயும் அப்படியே செய்யுங்க. ஜட்ஜுங்க அசந்துடுவாங்க” என்றார். பிறகு மீட்டிங் இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். நல்ல மனிதர்கள் எப்போதும் சரியான நேரத்தில் கிளம்பிவிடுவார்கள்.

சுகப்பிரியா தயங்கியபடி சொன்னாள்: “திங்கக்கிழமை பத்து மணிக்கு நம்மளுது. ஷிஃப்ட்டு ஆறு மணிக்கே ஆரம்பிச்சிடும், அக்கா. போட்டோ எடுத்துக்கலாம். இல்லன்னா நம்ம காலேஜ் கேட்டுக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடையில இதே மாதிரி ஒண்ணு லாமினேட் பண்ணிக்கலாம். பத்து நிமிஷ வேலை.”

அப்போது கார்டு எழிலரசன் கையில் இருந்தது.

“சுகப்பிரியா, கார்டு இல்லாம பேசக் கூடாது” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்கள் மன்றத்தின் மிகச் சிறந்த உரையாடல். கார்டைத் திருப்பிக் கொடுக்கலாமா கூடாதா என்று கார்டைக் கைமாற்றிக் கைமாற்றி நாற்பது நிமிடம் பேசினோம். நகல் சாட்சியமாகாது, மூலம்தான் வேண்டும் என்றான் எழிலரசன். கறுத்த ஓரங்களில்தான் கதை இருக்கிறது, புதிதாக லாமினேட் செய்தால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும் என்றாள் ரத்னா. ஒரு நபரின் சிறு சிரமத்தையும் ஆயிரம் பேருக்கு வரப்போகும் நன்மையையும் எடைபோட வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டாள். மோகன் கணக்குப் போட்டான்: ஆறிலிருந்து பத்து, மேடை முடியப் பதினொன்று, ஒரு ஷிஃப்ட்டில் ஐந்து மணி நேரம்தான் கார்டு இருக்காது, கம்பெனிக்காரன் வேறு கார்டு வைத்திருக்க மாட்டானா என்ன. சுகப்பிரியா மூன்று முறை வாயைத் திறந்தாள். கார்டு அவள் பக்கம் போகவே இல்லை. போகாமல் பார்த்துக்கொண்டது நான்.

எனக்குத் தெரியாதா? என் அம்மாவும் லைனில் நின்றவள்தான், வேறு கம்பெனி, வேறு காலம். பாத்ரூம் போகக் கேட்பதற்குக் கூசித் தண்ணீர் குடிப்பதையே விட்டவள். இரண்டு முறை சிறுநீரகத்தில் கல், மூன்று முறை காய்ச்சல். அந்த மேசையில் கார்டு என்றால் என்ன என்று சுகப்பிரியாவுக்கு அடுத்தபடியாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஓட்டெடுப்பு வைத்தேன். நாலுக்கு ஒன்று. கார்டை என் பையில் போட்டுக்கொண்டேன்.

“அக்கா கிட்ட இன்னா சொல்றது?” என்றாள் சுகப்பிரியா.

“தொலைஞ்சு போச்சுன்னு சொல்லச் சொல்லு. திங்கக்கிழமை மத்தியானம் கிடைச்சுதுன்னு கொடுத்துடலாம்” என்றான் மோகன். அவனுக்கு அது தீர்வு.

மறுநாள் மாத்தூரில் எங்கள் சர்ச் முடிந்து நானும் அம்மாவும் வெளியே வந்தபோது கேட் ஓரத்தில் அவள் நின்றிருந்தாள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்திருக்கிறாள். முகம் வீங்கியிருந்தது. ஒரு கன்னத்தில் விரல் தடம்.

“அக்கா கிட்ட சொல்லிட்டேன். அடிச்சிட்டுது. அப்புறம் அதுவே அழுவுது. கார்ட குடுத்துடுங்க அக்கா. நாளைக்கு காலையில ஜெராக்ஸ் கடையில நானே ஒண்ணு பண்ணி, அழுக்கு கூட பண்ணித் தரேன். உங்க கால்ல வேணா விழறேன்.”

கார்டு என் தோளில் தொங்கிய பைக்குள், பைபிளுக்கும் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்கும் நடுவில் இருந்தது.

“நேத்து நீ போனப்புறம் எழில் என்கிட்டேர்ந்து வாங்கிட்டுப் போயிட்டான். ஸ்லைடுக்கு ஸ்கேன் பண்ணணுமாம். அவன் இருக்கறது அண்ணா நகர்ல. போன் போட்டுப் பாத்தேன், எடுக்கல” என்றேன்.

நான் அதற்குமுன் அவ்வளவு சரளமாகப் பொய் சொன்னதில்லை. அவள் நம்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பரவால்ல அக்கா. நீங்க ட்ரை பண்ணீங்க” என்றாள்.

அவள் போன பிறகு அம்மா கேட்டாள்: “யாரு அந்தப் பொண்ணு? எதுக்கு அழுவுது?”

“காலேஜ்ல ஒரு பிரச்சினை” என்றேன். அம்மா அவள் போன திசையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை மேடையில் நாங்கள் பிரமாதம். சும்மா சொல்லவில்லை, உண்மையிலேயே பிரமாதம். கார்டு கைமாறிக் கைமாறி வந்தது. பேசுகிறவர் கையில் அது மஞ்சளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எழிலரசன் சட்டப்பிரிவுகளை அடுக்கினான். ரத்னா குரல் தழுதழுக்கப் பேசினாள். நான் முடித்துவைத்தேன்: “உங்கள் கையில் ஒரு கார்டு இல்லாததால் உங்கள் உடம்பு உங்களுடையது இல்லை என்றால், அந்த வாழ்க்கைக்குப் பெயர் என்ன?” அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அதுவரை எத்தனை தடவை கண்ணியம் என்று சொன்னோம் என்று பிறகு காணொளியில் எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்று. சுகப்பிரியாவின் வேலை கடைசியில் கார்டை உயர்த்திக் காட்டுவது மட்டும். உயர்த்தினாள். கை நடுங்கியதை ஜட்ஜுகளில் ஒருவர் உணர்ச்சிவசப்பட்டதாக எடுத்துக்கொண்டு குறிப்பாகப் பாராட்டினார்.

முதல் பரிசு அறிவித்தபோது மணி பதினொன்றேகால். மாலை போட்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் சுகப்பிரியாவுக்கு ஏதோ ஒரு எண்ணிலிருந்து போன் வந்தது. கேட்டாள். மேடையிலிருந்து நேராக இறங்கி வெளியே நடந்தாள், கையில் கார்டோடு. வனமாமலை சார், “அமலா, கூடப் போம்மா. கார்டு பத்திரம்” என்றார்.

ஷேர் ஆட்டோவில் பதினைந்து நிமிடம். கம்பெனி கேட்டுக்கு எதிரே பஸ் நிழற்குடையில் செல்வலட்சுமி உட்கார்ந்திருந்தாள். இருபத்தேழு வயது இருக்கும். தலை அழுத்தி வாரியிருந்தது. அவள் அளவுக்குச் சேராத யாருடையதோ ஒரு நீலக் கோட்டை மடியிலிருந்து முழங்கால்வரை போர்த்தியிருந்தாள். கிட்டே போனதும் வாடை வந்தது. எனக்கு விளங்கிவிட்டது. சுகப்பிரியாவுக்கும் விளங்கியது, அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

செல்வலட்சுமி யாரையும் திட்டவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னாள், மெமோவுக்குப் பதில் எழுதுகிறவளைப்போல.

“காலையில ஆணி காலியா கீது. சூப்பர்வைசர் நாகப்பன் சார் எல்லாரையும் நிக்க வச்சாரு. நான்தான் சார், தெரியாம வூட்டுக்கு போயிடுச்சி, மத்தியானம் வந்துடும்னேன். உண்மைய சொன்னேன்ல. அதுக்கு அவரு, உண்மைய சொன்னதால மத்தவங்க சீட்டு எழுதி வாங்கிக்கினு போலாம், உனக்கு மட்டும் கார்டு வந்தாத்தான்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. விளையாட்டுக்கு சொல்றாருன்னு நினைச்சேன். ஏழரைக்கு கேட்டேன், கார்டு வந்துச்சான்னாரு. எட்டரைக்கு கேட்டேன், அதையேதான் சொன்னாரு. ராத்திரியிலர்ந்து தண்ணி குடிக்கல, அப்படியும்...”

கோட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

“பத்து மணிக்கு நின்ன இடத்துலயே ஆயிடுச்சி. பக்கத்துல இருந்த பொண்ணு கத்திடுச்சி. லைன நிறுத்தி தொடைச்சாங்க. பதினோரு நிமிஷம் லைன் நின்னு போச்சி. கார்டுக்கு ஒண்ணும் சொல்லல. லைன் நின்னுதுல்ல, அதுக்குத்தான் கான்ட்ராக்டர வரவச்சி ஐடி புடுங்கினாங்க. வேலையிலர்ந்து நானா நின்னுக்கிறேன்னு எழுதி வாங்கிட்டாங்க.”

பத்து மணி. நாங்கள் மேடையேறிய நேரம்.

சுகப்பிரியா கார்டை நீட்டினாள். செல்வலட்சுமி எழுந்து, கோட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சாலையைக் கடந்து போய் கேட்டில் இருந்த செக்யூரிட்டியிடம் அதைக் கொடுத்தாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஐடி இல்லாதவர்களிடமிருந்து கம்பெனிப் பொருள் எதையும் வாங்கக் கூடாதாம், அது ரூல். அவள் கார்டோடு திரும்பி வந்தாள். அப்போதுதான் என்னைக் கவனித்தாள்.

“இவங்க யாரு?”

“எங்க சீனியர் அக்கா. சொன்னேன்ல, ஞாயித்துக்கிழம பாத்தேன்னு. கார்டு இவங்க கிட்ட இல்ல. இருந்திருந்தா குடுத்திருப்பாங்க” என்றாள் சுகப்பிரியா.

செல்வலட்சுமி என் கையைப் பிடித்தாள். “இவ்ளோ தூரம் கூட வந்தியே, நல்லா இரும்மா” என்றாள். என் கழுத்தில் மாலையின் ஜரிகை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. டில்லி கைவிட்டுப் போய்விடுமோ என்கிற பயம்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த சனிக்கிழமை டில்லி ஒத்திகை. சுகப்பிரியா வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தாள். சார்தான் போன் செய்து வரச் சொல்லியிருந்தார், கார்டையும் கொண்டுவரச் சொல்லி. எல்லோரும் அவளிடம் வருத்தம் தெரிவித்தார்கள். ரத்னா கட்டிப்பிடித்துக்கொண்டாள். எழிலரசன் வழக்குப் போடலாம், ஆனால் எழுதிக் கொடுத்தது பலவீனம் என்றான். சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, “டில்லிக்கு இந்தச் சம்பவத்தையும் சேர்த்துக்கலாம். பேர் சொல்லாமத்தான். அப்புறம் சுகப்பிரியா, கார்டைத் திருப்பித் தர வேண்டிய அவசியம் இனிமே இல்லையே?” என்றார். அவர் அதை மிகவும் கனிவாகத்தான் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் மணியைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

கார்டு மேசை நடுவில் கிடந்தது. ஆரம்பிக்கும்முன் எழிலரசன் என்னிடம் சாதாரணமாகச் சொன்னான்: “அமலா, இந்தத் தடவை கார்டை நான் வச்சுக்கறேன். போன தடவை சனிக்கிழமையே நீ பையில போட்டுட்டுப் போயிட்ட, திங்கக்கிழமை மேடையிலதான் நான் அதைத் திரும்பப் பாத்தேன். ஸ்கேன் பண்ணக்கூட முடியல.”

நான் சுகப்பிரியாவைப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது.

அவள் கை நீட்டிக் கார்டை எடுத்துக்கொண்டாள். கயிற்றை இரண்டு சுற்று விரலில் சுற்றிக்கொண்டாள். அவள் பேசப்போகிறாள் என்று எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவள் பேசவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம், பத்து நிமிடம். விதிப்படி யாரும் வாய் திறக்க முடியாது, எழ முடியாது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மோகன் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தான். திட்டித் தொலைத்துவிட்டால் தேவலை என்று இருந்தது.

பதினைந்தாவது நிமிடம் இருக்கும். ரத்னா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். “சாரி, அவசரம்” என்று உதட்டை மட்டும் அசைத்துவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு பாத்ரூமுக்குப் போனாள்.

யாரும் அவளைத் தடுக்கவில்லை. விதி இருக்கிறதே என்று எனக்கே தோன்றவில்லை. கதவு தானாக மூடிக்கொள்வதைச் சுகப்பிரியா கடைசிவரை பார்த்தாள். ரத்னா திரும்பி வந்து, ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மொத்தம் மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

சுகப்பிரியா விரலிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். பையை மாட்டிக்கொண்டு எழுந்து, மேசையைச் சுற்றி என்னிடம் வந்து கார்டை நீட்டினாள்.

“உங்களுக்கு இன்னும் வேணுமா, அக்கா?”

வாங்கிக்கொண்டேன். டில்லிக்கு அது வேண்டியிருந்தது.